மூன்றில் எது வெள்ளை

எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'அக்கா'தான். மலாய்க்காரர்கள், சீனர்கள், வரவேற்பு மேசையில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண், எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்கள் மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. மின்னஞ்சலில் 'டியர் அக்கா' என்று தொடங்குவார். அதுதான் அவருடைய உண்மையான பெயர் என்று அந்த அம்மையார் வெகுகாலம் நம்பியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அக்கா திருத்தவில்லை.

"என் பேரைவிட இது நல்லாத்தான் இருக்கு லா. ரெண்டையும் வச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

வைத்துப் பார்ப்பதுதான் அக்கா. ஒரு பொருளைத் தனியாகப் பார்த்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும், முடிந்தால் மூன்றாவதாகவும் ஒன்று. மதியம் நாங்கள் மூன்று பேர் சாப்பிடப் போனால், மூன்று வெவ்வேறு கடைகளில் சிக்கன் ரைஸ் வாங்கி வரச் சொல்வார். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நடுவில இருக்கிறது" என்பார். தன் தட்டு அதுவாக இல்லாவிட்டால் அன்று மாலை வரை முகம் சரியாக இருக்காது. விலையைக் கடைசியில்தான் கேட்பார். பல நேரம் கேட்கவே மாட்டார். எது நல்லது என்பது தெரிந்துவிட்டால் போதும், வாங்காமல்கூடத் திரும்பி வந்துவிடுவார். ஒருமுறை தேக்கா கடைத்தெருவில் குக்கர் வாங்க என்னையும் கூட்டிப்போய், கடை கடையாக மூடியைத் திறந்து மூடி, கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.

"அங்கிளையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன். அக்காவை அக்கா என்று கூப்பிட்டாலும் அவர் கணவர் எனக்கு ஏனோ அங்கிள்தான்.

"பின்ன? மூணு வரன் வந்துச்சு. ஒருத்தர் அழகு. ஒருத்தர் படிப்பு. இவர் பக்கத்தில உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதான் இவரை எடுத்தேன்."

அது பாராட்டு என்று புரிந்துகொள்ள எனக்குக் கல்யாணம் ஆகிச் சில வருடங்கள் ஆக வேண்டியிருந்தது.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது கொரோனா காலத்தில். கிளமெண்டி பக்கம் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவு. எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்தோம், சாப்பிடுவதும் தனித்தனியாகத்தான். அக்காவை எனக்குக் கண்ணும் நெற்றியுமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு! நான்கு மேசை தாண்டி, ஒளிநகல் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முகக்கவசம் உள்ளே போய் வெளியே வரும் அளவுக்கு மூச்சை இழுத்து இழுத்துச் சிரிப்பார். என்ன கடுப்பில் இருந்தாலும் அதைக் கேட்டால் நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

பிறகு கவசத்தைக் கழற்றலாம் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் அலுவலகமே வேடிக்கையாக இருந்தது. ஓராண்டுக்கு மேல் பக்கத்து மேசையில் இருந்தவர்களின் மூக்கையும் வாயையும் முதல் தடவையாகப் பார்த்தோம். இன்வாய்ஸ் பார்க்கும் வெய் மிங்குக்கு மீசை இருந்ததே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா மட்டும் கழற்றவில்லை. "இருமல்" என்றார். இரண்டு வாரம் கழித்தும் இருமல். சாப்பிடும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வழியாகக் கழற்றியபோது, அழகான முகம்தான், சிரிப்பைக் காணோம். நகைச்சுவைக்கு உதட்டை இறுக மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று மூக்கால் ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒளிநகல் இயந்திரம் மட்டும் தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்கா பல் வெளுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

முதலில் என்னிடம். "உனக்கு நல்ல பல்லு மா. ஆனா கோப்பி குடிச்சுக் குடிச்சுக் கொஞ்சம் மங்கிருச்சு. சிராங்கூன் ரோட்டில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க. நாற்காலியில உக்காந்தா ஒரே நாள்ல முடிச்சிருவாங்க, லைட் வச்சு." எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அக்காவிடம் 'இல்லை' சொல்லும் வழக்கமும் எனக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை போனேன்.

ஈறுக்கு மேல் ஏதோ பூசி, பல்லில் ஜெல் தடவி, முகத்துக்கு நேரே நீல விளக்கை வைத்தார்கள். முடிந்து எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் நானா அது! ஆனால் அன்று இரவு முழுக்கப் பல்லில் ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்று வலி. இரண்டு நாளைக்கு நிறமுள்ள எதையும் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அக்கா ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இடியப்பமும், மஞ்சள் போடாத தேங்காய்ப்பால் சொதியும். அவருடைய குடும்பம் தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. சொதியை மஞ்சள் போடாமல் வைப்பது அவருக்கு எவ்வளவு மனக்கஷ்டம் என்பது சுவையிலேயே தெரிந்தது.

"எவ்வளவு வலிச்சுச்சு? காத்துப் பட்டா கூசுதா? தண்ணி?" என்று துருவித் துருவிக் கேட்டார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த வாரம் வெய் மிங்கும் பளபளவென்று வந்தான். பேரங்காடி ஒன்றிலிருந்த அழகு நிலையத்தில் செய்துகொண்டானாம். "அக்கா ஆஸ்க் மீ டு ட்ரை" என்றான். எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் இரண்டு பேரையும் தேக்கா உணவங்காடிக்கு வரச் சொன்னார். போனால் அங்கே அங்கிளும் இருந்தார்.

அங்கிள் கப்பல் பட்டறையில் பெயிண்ட் வேலையை மேற்பார்வை பார்ப்பவர். அதிகம் பேச மாட்டார். அன்று எங்களைப் பார்த்து மெதுவாகச் சிரித்தபோது அவருடைய பல்லும் வெளுத்திருந்தது. அவருக்கு மூன்றாவது வழி. பல்லின் அச்சை எடுத்து, அதற்குச் சரியாக ஒரு மெல்லிய ட்ரே செய்து கொடுத்திருந்தார்கள். அதில் ஜெல்லை விட்டு இரவு மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும்.

"அதை மாட்டினா 'ச' வராது. 'சாப்பாடு'ன்னா 'தாப்பாது'ங்கிறார்" என்றார் அக்கா. "ரெண்டு வாரமா வீட்டில சண்டையே இல்லை. சண்டைங்கிற வார்த்தையே வர மாட்டேங்குது."

இடம் பிடிக்க மேசையில் வைத்திருந்த டிஷ்யூ பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். வெளிச்சம் விழும் பக்கமாக எங்கள் மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். ஒவ்வொருவர் வாய்க்குப் பக்கத்திலும் தாளைப் பிடித்து, "ஈ காட்டுங்க" என்றார். மூன்று பேரும் ஈ காட்டினோம். புரோட்டாக் கடைக்காரர் மாவு வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னக்கா, பல் டாக்டரா?"

"இல்லைங்க. சும்மா எது நல்லா இருக்குன்னு பாக்கிறேன்."

என் டப்பா இடியப்பத்தின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் மூன்று பேரும் மூன்று குக்கர்கள்.

கோபம் வந்தது. ஆனால் நானும் எட்டிப் பார்த்து, மூன்றில் என்னுடையதுதான் வெள்ளை என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது. அந்தப் பெருமை நீடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அதே மேசையில் மறுபடியும் ஈ காட்டியபோது, முதல் நாளின் அந்தக் கண்கூசும் வெண்மை என்னிடம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பல் காய்ந்திருப்பதால் முதல் சில நாட்கள் அப்படித் தெரியுமாம், பிறகு தன் நிறத்துக்கு வந்து நிற்குமாம். டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. அங்கிளுடையது மெதுவாக ஏறி என்னுடையதற்குச் சமமாக வந்து நின்றிருந்தது. அவருக்கு ஒரு நாளும் ஊசி குத்தவில்லை. வெய் மிங் அழகு நிலையத்துக்குப் போவதற்கு முன் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான், கையில் பால் சேர்க்காத கோப்பி ஓ-வோடு.

"அப்போ அங்கிளோடதுதானே அக்கா? ட்ரேதானே?" என்றேன். "நீங்க எப்போ செய்யப் போறீங்க?"

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம் மா."

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கிளும் வெய் மிங்கும் சாப்பாடு வாங்கப் போன நேரம் பார்த்து, "இன்னும் என்னக்கா பாக்கணும்? எங்க மூணு பேர் பல்லையும் வெளுக்க வச்சுட்டீங்க. உங்களுக்கு மட்டும் எதுக்கு யோசனை?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன்.

அக்கா எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார். அங்கிள் வரிசையில் நிற்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் தெரியும்படி உதட்டை விரித்துக் காட்டினார்.

எல்லாப் பற்களும் நம் எல்லாருக்கும் இருப்பதுபோலத்தான் இருந்தன, தேநீர் குடித்து வயதான பற்கள். மேல் வரிசையில் முன்பல் ஒன்று மட்டும் வெள்ளை.

"கேப் போட்ட பல்லு, மேல உறை மாதிரி" என்றார். "எனக்குப் பத்தொன்பது வயசு அப்போ. மழை. பஸ்ல இருந்து இறங்கறப்ப வழுக்கிக் கம்பியில மோதிட்டேன். பாதி உடைஞ்சு போச்சு. டாக்டர் மத்த பல்லு நிறத்துக்கே சரியா செஞ்சு மாட்டினாரு. மத்த பல்லுக்கெல்லாம் வயசாச்சு. இதுக்கு ஆகலை. இன்னும் பத்தொன்பதுலயே நிக்குது."

"இதுல என்னக்கா இருக்கு? எத்தனை பேருக்கு..."

"அவருக்குத் தெரியாது."

வரிசையில் நின்ற அங்கிளை இரண்டு பேரும் பார்த்தோம். அவர் வடையை விரலால் சுட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா சொன்னாங்க. கேட்டா சொல்லுவோம், கேக்கலைன்னா நாமளா சொல்ல வேண்டாம்னு. அவங்க கேக்கலை. நானும் இன்னிக்கு வரைக்கும் யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்." அக்கா டிஷ்யூத் தாளை மடித்தார். "வாயை மூடிச் சிரிச்சுச் சிரிச்சு அதுவே பழகிருச்சு. மாஸ்க் போட்டப்பதான் மா நான் வாயைத் திறந்து சிரிச்சேன். இவ்வளவு சத்தம் எனக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியாது. இப்போ பழையபடி மூடிக்கச் சொன்னா முடியலை."

அக்கா தொடர்ந்தார். மூன்று டாக்டர்களிடம் கேட்டாராம். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள். எந்த மருந்தும் கேப்பை வெளுக்காது, இயற்கையான பல்லைத்தான் வெளுக்கும்.

"அதான் உங்களை எல்லாம் வச்சுப் பாத்தேன். எது ரொம்ப வெளுக்குதுன்னு நான் பாக்கலை. இந்தப் பல்லு அளவுக்கு வந்ததும் எதை நிறுத்த முடியும்னு பாத்தேன். உன்னோடது ஒரே நாள்ல எங்கேயோ போயிருச்சு. அப்படி எனக்கு ஆச்சுன்னா, இப்போ இது மட்டும் வெள்ளையா இருக்கு, அப்புறம் இது மட்டும் மஞ்சளா இருக்கும். ட்ரேயில ஒவ்வொரு நாளாத்தான் ஏறுது. வேணும்னா நாளைக்கே நிறுத்தலாம்."

"அப்போ ட்ரே போடுங்க!"

"ஆனா சரியா வந்துருச்சான்னு யாரு பாத்துச் சொல்றது? கண்ணாடியில பாத்தா எனக்கு நேரத்துக்கு ஒரு மாதிரி தெரியுது. தினம் காலையில பக்கத்தில நின்னு ஒருத்தர் பாக்கணும். நீ புக்கிட் பாத்தோக்ல இருந்து ஆங் மோ கியோவுல எங்க வீட்டுக்குத் தினம் வருவியா?"

வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். காலையில் பக்கத்தில் நிற்கக்கூடியவர் வடைத் தட்டோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மாலை அக்கா என்னைத் தேநீருக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். "நீயும் இருந்தா நல்லது. தனியா சொன்னா அவர் ஒண்ணும் பேச மாட்டார். பேசலைன்னா நான் அதையே பத்து விதமா நினைச்சுக்குவேன்" என்றார். நான் போனேன். பத்தாவது மாடி. கூடத்தில் வெயில் நன்றாக விழுந்தது. அங்கிள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு பிஸ்கெட் தட்டை எடுக்கப் போனார். பிறகு கரண்டி எடுக்கப் போனார். மூன்றாவது முறை எழுந்தபோது நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

சொன்னார். பஸ், மழை, கம்பி, அம்மா சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அது என் பல்லு இல்லை. அவ்வளவுதான். உங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்றார்.

அங்கிள் செய்தித்தாளை மடித்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"எந்தப் பல்லு?" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன எந்தப் பல்லு?"

"இல்லை, எதுன்னு தெரியலை. அதான் கேக்கிறேன்."

அக்காவின் பேச்சு எப்போதும் எங்களுடையதைப் போலத்தான் இருக்கும். கோபம் வந்தால் மட்டும் 'ஆமாம்' என்பதற்கான யாழ்ப்பாணத்து 'ஓம்' வெளியே வரும். அன்று வந்தது. "ஓம், எந்தப் பல்லாம்! கேட்டியா மா? கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட்ல ஒரு சொட்டு நிறம் மாறினா முழுக்கச் சுரண்டச் சொல்ற மனுஷன்! இத்தனை வருஷமா என் மூஞ்சியைப் பாத்ததே இல்லையா நீங்க?"

"பாத்திருக்கேனே" என்றார் அங்கிள், பரிதாபமாக.

"அப்போ சொல்லுங்க, எது?" அக்கா அவர் முன்னால் குனிந்து பல்லைக் காட்டினார்.

அங்கிள் எழுந்து வெயில் விழும் பக்கம் அக்காவைத் திருப்பினார். வேலையிடத்தில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் லேசாகக் கறுத்திருந்த ஒரு பல்லைச் சுட்டினார். "இது."

"இல்லை."

கீழ் வரிசையில் கோணலாக இருந்த ஒன்றைச் சுட்டினார். "அப்போ இதுதான்."

"அதுவும் இல்லை. இது!" என்று அக்கா விரலை வைத்துக் காட்டினார்.

அங்கிள் அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே நம்ப முடியவில்லை.

"இதுவா? இருக்கிறதிலேயே இதுதான் நல்ல பல்லுன்னு நான் நினைச்சிருந்தேன்."

முதலில் ஒரு 'ம்ம்ம்' வந்தது. உதடு இறுகியே இருந்தது. பிறகு அது பிய்த்துக்கொண்டது. அந்தப் பழைய சிரிப்பு, இப்போது தடுக்க எதுவும் இல்லாமல், கூடம் முழுக்கப் பாய்ந்தது. அக்கா சோபாவில் விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. அதில் கொஞ்சம் அழுகையும் இருந்ததென்று நினைக்கிறேன். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா இரும்புக் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அங்கிள் என்ன தப்பாகச் சொன்னோம் என்று என்னைப் பார்த்தார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டேன்.

மறுநாளே அக்கா டாக்டருக்குத் தொலைபேசினார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. ட்ரே வந்தது. தினமும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் அங்கிள் அவரைச் சமையலறைச் சன்னலருகே நிறுத்திப் பார்ப்பாராம். "இன்னும் ஒரு கோட்டிங் வேணும்" என்பாராம். அலுவலகத்துக்கு வந்ததும் அக்கா இதையெல்லாம் பெருங்குறையாக எங்களிடம் சொல்வார், முகம் முழுக்க மகிழ்ச்சியோடு. ஒரு நாள் காலை அங்கிள், "போதும். நிறுத்து" என்றார். அக்கா நிறுத்தினார். அன்று அலுவலகத்தில் அவர் சிரித்தபோது நான் தேடித்தான் அந்தப் பல்லைக் கண்டுபிடித்தேன். வெய் மிங்குக்கு ஒன்றும் தெரியவில்லை. முடி வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்டான்.

பிறகு நான் வேலை மாறிவிட்டேன். கல்யாணம், குழந்தை. அக்காவுடன் பேச்சு பண்டிகை வாழ்த்துகளோடு நின்றுபோனது. போன தீபாவளிக்கு முந்தைய வாரம் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில், நகர முடியாத கூட்டத்தில், பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அக்கா தொலைபேசியில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் அதை அணைத்துவிட்டு, நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"சிரி, பாக்கலாம்."

சிரித்தேன்.

"மங்கிப் போச்சு. கோப்பி."

"உங்களுது மட்டும்?"

அவரும் ஈ காட்டினார். கூட்டம் எங்களைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. யாருடையது வெள்ளை என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அக்கா சும்மா விடுவாரா? மல்லிகைப் பூப்பையோடு போன ஓர் இளம்பெண்ணைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க மா. எங்க ரெண்டு பேர்ல யாரு பல்லு வெள்ளை?"

அந்தப் பெண் மிரண்டுபோய் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இருவருடையதையும்விட அவளுடையது எவ்வளவோ வெள்ளை.

அக்கா பிடித்த கையை விடவில்லை. இன்னும் ஓர் அடி கிட்டே போனார்.

"எங்க மா செஞ்சீங்க? லைட்டா, ட்ரேயா?"